எடல்வைஸ், ஆல்ப்ஸ் ஆஸ்டர், தாத்தாப்பூ: ஏற்காட்டுக்கு எது?

ஆல்ப்ஸ் மலைப் பூ விதைகளை ஆன்லைனில் விற்கிறார்கள். ஏற்காட்டில் வீடு இருப்பவர்களுக்கு "நம்மூரும் குளிர் மலைதானே" என்று ஆசை வந்துவிடும். தேடினால் முதலில் கண்ணில் படுபவை எடல்வைஸும் ஆல்ப்ஸ் ஆஸ்டரும். இரண்டும் சூரியகாந்திக் குடும்பம். அதே குடும்பத்தில் யாரும் காசு கொடுத்து வாங்காத ஒன்று நம்மிடமே இருக்கிறது: தாத்தாப்பூ, அதாவது வெட்டுக்காயப்பூண்டு. மூன்றையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

புகழில் எடல்வைஸை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆஸ்திரியாவின் 2 சென்ட் நாணயத்திலேயே இருக்கிறது. வெள்ளை நட்சத்திரமாக விரிந்திருப்பவை இதழ்கள் அல்ல, கம்பளி போர்த்த இலைகள். நிஜப் பூக்கள் நடுவில் மஞ்சள் முடிச்சுகளாக இருக்கும். ஒவ்வொரு முடிச்சும் ஒரு தனிச் சிரமஞ்சரி, அதாவது பல சின்னப் பூக்கள் நெருங்கிச் சேர்ந்த பூத்தலை. அதன் ஓரத்தில் பெண்பூக்கள், நடுவில் ஆண்வேலை பார்க்கும் பூக்கள். வெள்ளை ரோமம் வெறும் அலங்காரமில்லை. உயரத்தில் கடுமையாக அடிக்கும் புற ஊதாக் கதிரை உறிஞ்சிக்கொண்டு இலையைக் காப்பாற்றுகிறது.

சிக்கலும் இதில்தான். இந்தச் செடியின் இடம் பெரும்பாலும் 1,800 முதல் 3,000 மீட்டர் வரை, அதுவும் சுண்ணாம்புப் பாறை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். கொஞ்சம்தானே குறைவு என்று கணக்குப் போடக் கூடாது. ஆல்ப்ஸில் 2,000 மீட்டரைத் தாண்டினால் மரங்கள் அருகிவிடும். நாமோ நிலநடுக்கோட்டிலிருந்து 12 டிகிரிக்குள் காபியும் சில்வர் ஓக்கும் வளர்த்துக்கொண்டிருக்கிறோம். மாதக்கணக்கில் பனிக்கடியில் உறங்கிப் பழகிய செடிக்கு நம் மூடுபனி போதாது. மண்ணும் ஒத்துவராது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பாக்சைட் (அலுமினியத் தாது) தோண்டினார்களே, மழை சுண்ணாம்புச் சத்தையெல்லாம் அடித்துக்கொண்டு போன இடத்தில்தான் பாக்சைட் மிஞ்சும். தாழ்ந்த இடத்தில் எடல்வைஸ் பிழைத்தாலும் கம்பளி மெலிந்து பச்சையடித்துப் போகும். அப்புறம் அதை வைத்திருந்து என்ன பயன்?

ஆல்ப்ஸ் ஆஸ்டர் இவ்வளவு பிகு பண்ணாது. தண்டுக்கு ஒரு பூத்தலை, சுற்றிலும் இதழ் போலத் தெரியும் ஊதாக் கதிர்ப்பூக்கள், நடுவில் மஞ்சள். இதன் நிறம் ரோமத்தை நம்பியில்லை என்பதால் பூத்தால் பூத்த மாதிரி இருக்கும். ஆனால் வேரில் ஈரம் தேங்கினால் தாங்காது. நம் மழைக்காலம்தான் இதற்கு எமன்.

தாத்தாப்பூ அடிவாரத்துச் சாலையோரத்திலேயே கிடைக்கும். இதுவும் வந்தேறிதான், பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா. தலையைச் சுண்டி விளையாடிய பூவை ஒருமுறை கைலென்ஸில் பாருங்கள். நுனியில் பல் வெட்டிய, பெரும்பாலும் ஐந்து, கதிர்ப்பூக்கள்: எல்லாம் பெண். நடுத்தட்டில் இருபால் பூக்கள். ஆஸ்டரிலும் இதே ஏற்பாடுதான். ஒவ்வொரு விதைக்கும் இறகு போன்ற குடை. குடும்பத்தின் மொத்தப் பாடத்தையும் ஓசியில் நடத்திவிடுகிறது.

ஆக, தாவரவியல் படிக்க தாத்தாப்பூ. தொட்டியில் வைத்தே ஆகவேண்டுமென்றால் ஆஸ்டர். எடல்வைஸ் விதையை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் சங்ககிரிப் பக்கமிருந்து சுண்ணாம்புக்கல் பொடி ஜல்லி கொஞ்சம் கொண்டுவந்து மண்ணில் கலந்து, விதையை மூடாமல் மேலாகத் தூவி, தொட்டியை மழை படாத, வெயில் விழும் திண்ணையில் வையுங்கள். முளைத்தால் நாணயத்தில் இருக்கும் வெள்ளையை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.