ரயில் பார்க்க எது நல்லது: கிராமத்து ரயில்வே கேட்டா, ஸ்டேஷன் பிளாட்பாரமா?

செலவு: கேட்டில் காசில்லை. ஸ்டேஷனில் பிளாட்பார டிக்கெட் 10 ரூபாய், 2 மணி நேரம் செல்லும்.

வேகம்: ஸ்டேஷனில் நிற்கும் வண்டி ஊர்ந்துதான் நுழையும். கேட்டிலோ முழு வேகம். தரை அதிர்வது காலில் தெரியும்.

முன்னறிவிப்பு: பிளாட்பாரத்தில் ஒலிபெருக்கி. கேட்டில் முதலில் கேபினுக்குள் போன் மணி, பிறகு கேட் இறங்கும், அப்புறம் தூரத்து ஹாரன். கேட்கீப்பர் பச்சைக் கொடியோடு நின்று கடைசிப் பெட்டியின் பெரிய 'எக்ஸ்' குறியைப் பார்ப்பார். அது இருந்தால்தான் வண்டி முழுதாய்ப் போயிற்று என்று பொருள். இதைக் கேட்டில் அருகிலிருந்தே பார்க்கலாம்.

ஆபத்து: இரட்டைப் பாதையில் ஒரு வண்டியின் இரைச்சல் எதிர்வண்டியின் சத்தத்தை மூடிவிடும். கேட் திறக்கும்வரை அசையாதீர்கள். தண்டவாளத்தில் இறங்குவது 1989 ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி குற்றம்.

வசதி: நிழல், தண்ணீர், கழிப்பறை எல்லாம் ஸ்டேஷனில்தான்.

சின்னக் குழந்தைகளோடும் வெயிலிலும் ஸ்டேஷன். வேகமும் நீளமான சரக்கு வண்டியும் வேண்டுமென்றால் விடிகாலைக் கேட்.