குன்னூரில் எலக்ட்ரிக் கார் சார்ஜிங் மெம்பர்ஷிப்புக்கு 11,800 ரூபாய் கட்டினேன், அவ்வளவும் போச்சு. நீங்கள் கட்டாதீர்கள்

11,800 ரூபாய். ஒரு வருட மெம்பர்ஷிப் 10,000, அதன்மேல் பதினெட்டு சதவீத ஜிஎஸ்டி 1,800. நேற்று சாயங்காலம் அந்த கம்பெனியிடமிருந்து வந்த மெயிலில் "திட்டத்தொகை திருப்பித் தரப்படாது" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டார்கள். வயிறு எரிகிறது. கோடை சீசனுக்கு அதே திட்டத்தை விற்க ஊட்டியிலும் ஆள் இறங்கியிருப்பதாக நண்பர் ஒருவர் சொன்னார், அதனால்தான் ஆறப்போடாமல் இப்போதே எழுதுகிறேன்.

பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. குன்னூரில் ஒரு லாட்ஜின் பார்க்கிங்கில் ஒரே ஒரு மிஷினை வைத்துக்கொண்டு ஆப் மூலமாக நடத்தும் தனியார் சார்ஜிங் கம்பெனி. இந்தப் பக்கம் எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்கு இது போதும், புரிந்துவிடும்.

வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் குன்னூர் வீடுகளைப் பார்த்ததில்லை. எங்கள் வீடு ரோட்டிலிருந்து அறுபது எழுபது படி கீழே இருக்கிறது, அதுவும் வாடகை வீடு. கார் மேலே ரோட்டோரம் நிற்கும். அங்கிருந்து வயர் இழுக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை, மீட்டர் அவர் பெயரில், மழையில் ஷாக் அடித்தால் யார் பொறுப்பு என்கிறார், அவர் சொல்வதும் நியாயம்தான். இந்த ஊரில் பாதிப்பேர் நிலைமை இதுதான். சொந்தமாக போர்ட்டிகோ உள்ளவர்கள் பதினைந்து ஆம்பியர் பிளக்கில் ராத்திரி மாட்டிவிட்டுத் தூங்கலாம். எங்களைப் போன்றவர்களுக்கு ஊருக்குள் பொது சார்ஜர் இருந்தால்தான் வண்டி ஓடும்.

என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய 30 யூனிட் பேட்டரி கார். தினமும் ஊட்டிக்கு வேலைக்குப் போய் வருவேன், அப்பாவை அவ்வப்போது கோவை கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். மலையில் இந்த வண்டி ஓட்டாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை முப்பது சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் கிட்டத்தட்ட 1,500 மீட்டர் ஏற்றம். அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்குவதற்கே ஏழு யூனிட் வேண்டும், ஓட்டுகிற செலவையும் சேர்த்தால் பத்துப் பன்னிரண்டு யூனிட், அதாவது பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி. இறங்கும்போது பிரேக்கில் கொஞ்சம் திரும்ப ஏறும், ஏறும்போது போனதெல்லாம் வராது. ஆக மேலே வந்து சேரும்போது ஊருக்குள் ஒரு மிஷின் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பது எங்களுக்கு வாழ்வா சாவா மாதிரி.

புரட்டாசித் தொடக்கத்தில் அந்த மிஷின் வந்தது. 30 கிலோவாட் டிசி, அதாவது வேகமாக ஏற்றும் வகை, புத்தம்புதுசு, வெள்ளைப் பெட்டி, பச்சை லைட். அங்கே கம்பெனி சார்பில் ஒரு பையன் இருந்தான், இருபத்தைந்து வயதிருக்கும், அருவங்காடு பக்கம். முதல் நாள் நான் காரில் மாட்டும் சார்ஜிங் கன்னை எடுக்கத் தடுமாறியபோது அவனே வந்து மாட்டினான், "அண்ணா கொஞ்சம் தூக்கிப் புடிங்க, க்ளிக் சத்தம் கேக்கணும்" என்று சொல்லிக்கொடுத்தான். மழைத்தூறலில் நான் நனைவதைப் பார்த்து லாட்ஜ் வராண்டாவில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தான், கூடவே ஒரு வர்க்கி. காசு கொடுக்கப் போனதற்கு வாங்கவே இல்லை. "நீங்க டெய்லி வர்ற ஆளுங்கண்ணா, டூரிஸ்ட்டா என்ன?" என்றான்.

அப்புறம்தான் திட்டத்தைப் பற்றிப் பேசினான். பில் ஒன்றின் பின்பக்கத்தில் பேனாவால் கணக்குப் போட்டுக் காட்டினான். மெம்பர் அல்லாதவர்களுக்கு யூனிட் 22, மெம்பருக்கு 12, யூனிட்டுக்குப் பத்து ரூபாய் மிச்சம். மாதம் 135 யூனிட் என்று வைத்தால்கூட ஒன்பது மாதத்தில் போட்ட காசு வந்துவிடும், மீதி மூன்று மாதம் லாபம். இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மெம்பர்களுக்கு மட்டும், டூரிஸ்ட் வண்டி வந்தாலும் விடமாட்டோம் என்றான். அதுதான் என்னை இழுத்தது. வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகும் இங்கே கூட்டம் எப்படி என்று தெரியும், 2025 ஏப்ரலிலிருந்து நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பு போட வேண்டியிருந்த ஊர் இது. அத்தனை வண்டிக்கு நடுவில் உள்ளூர்க்காரனுக்கு ஒரு ஸ்லாட் என்று யாராவது சொன்னால் காதில் தேன் பாயாதா? கோத்தகிரி, கேத்தி, ஊட்டி என்று மேப்பில் இன்னும் மூன்று புள்ளிகள் காட்டினான், "பொங்கலுக்குள்ள எல்லாம் லைவ் ஆயிடும்ணா, இதே மெம்பர்ஷிப்ல போட்டுக்கலாம்."

"மிஷின் பழுதானா?" என்று நான் கேட்டேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, கேட்டேன். "நான் இங்கதானே இருக்கேன், என் நம்பர் இருக்குல்ல? நம்ம ஊர்க்காரங்களை ஏமாத்திட்டு நான் எங்க போகப்போறேன்" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னான். அங்கேயே யுபிஐயில் 11,800 ரூபாய் அனுப்பினேன். போனில் டிங் என்று சத்தம், ஆப்பில் தங்க நிறத்தில் ஒரு கார்டு, என் பெயரோடு.

சில வாரம் ஒழுங்காக ஓடியது. அதை மறைக்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்ததும் மிஷின் படுத்துவிட்டது. முதலில் அவ்வப்போது. ஸ்கிரீனுக்கு உள்பக்கம் நீர்த்துளி கோத்து நிற்கும், ஸ்டார்ட் அழுத்தினால் வட்டம் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும், கடைசியில் சிவப்பு லைட்டும் "இன்சுலேஷன் ஃபால்ட்" என்ற எழுத்தும். ஈரம் உள்ளே போனால் பாதுகாப்புக்காக மிஷின் தானே நின்றுகொள்ளும், அது சரிதான். ஆனால் மூடுபனியும் மழையும் ஆண்டு முழுக்க வருகிற ஊரில் மேலே ஒரு ஷீட் கூரைகூடப் போடாமல் வைத்தவர்களை என்ன சொல்வது? பிறகு யாரோ நீலத் தார்ப்பாய் போட்டுக் கயிற்றால் கட்டிவிட்டார்கள்.

இந்த நிலைமையிலும் ஆப்பில் பச்சைப் புள்ளிதான். "அவைலபிள்."

ஒரு ராத்திரி அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து கோவையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். மேட்டுப்பாளையத்தில் வண்டியை நிறுத்தி ஆப்பைப் பார்த்தேன், பச்சை. ஸ்லாட்டும் புக் ஆனது, உறுதி செய்து மெசேஜும் வந்தது. அதை நம்பித்தான் கீழே சார்ஜ் போடாமல் ஏறினேன். பர்லியார் தாண்டியதும் மழை கொட்டியது, ஹீட்டர் போட்டால் சார்ஜ் குறையும் என்று அதையும் போடவில்லை, அப்பா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒற்றைக் கண்ணால் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்பது சதவீதத்தில் லாட்ஜ் வந்து சேர்ந்தால் மிஷினில் லைட்டே இல்லை. வாட்ச்மேன் குடையோடு வந்து, "ஃபியூஸைப் பிடுங்கி ஓனர் எடுத்துட்டுப் போயிட்டாருங்க, கம்பெனி கரண்ட் பில் கட்டலையாம். போன வாரமே நின்னுபோச்சு" என்றார். போன வாரமே கரண்ட் இல்லாத மிஷினுக்குத்தான் அன்று சாயங்காலம் எனக்கு ஸ்லாட் கொடுத்திருக்கிறார்கள்! காரை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து, கண்ணில் கட்டோடு அப்பாவை அந்தப் படிகளில் ஈரத்தில் கைத்தாங்கலாக இறக்கினேன். பணத்தைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை.

அடுத்த நாளிலிருந்து ஆரம்பித்தது அலைக்கழிப்பு. அந்தப் பையன் முதலில் "பாத்துச் சொல்றேண்ணா" என்றான், பிறகு போனை எடுப்பதை நிறுத்தினான், வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டபோது "நான் வேலையை விட்டுட்டேண்ணா, எனக்கே ரெண்டு மாச சம்பளம் பாக்கி" என்று வைத்துவிட்டான். லாட்ஜ் ஓனர், "நான் இடத்தை வாடகைக்கு விட்டேன், அவ்வளவுதான், எனக்கும் அவங்க பாக்கி" என்கிறார். கஸ்டமர் கேரில் தமிழ் தெரிந்தவர் கிடைக்கவே பெரும்பாடு, கிடைத்தவர் சொன்னது: "சார், எங்க சிஸ்டத்துல சார்ஜர் ஆன்லைன்னுதான் காட்டுது." ஃபியூஸ் இல்லாத மீட்டர் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பினேன். புகாருக்கு ஒரு நம்பர் கொடுத்தார்கள், மறுநாள் அந்த நம்பர் "தீர்க்கப்பட்டது" என்று தானாக மூடிக்கொண்டது. மறுபடி திறந்தேன், மறுபடி மூடினார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஓடிய வாரங்களுக்குக் கழித்துக்கொண்டு மீதியையாவது கொடுங்கள் என்றுகூட எழுதினேன். அதற்கு வந்த பதில்தான் உச்சம். "உங்கள் மெம்பர்ஷிப் செல்லுபடியாகும், அருகிலுள்ள எங்கள் வேறு நிலையத்தில் பயன்படுத்திக்கொள்ளலாம்." அருகிலுள்ள நிலையம் எது தெரியுமா? மேட்டுப்பாளையம். சார்ஜ் போட மலை இறங்கி, போட்ட சார்ஜில் பத்துப் பன்னிரண்டு யூனிட்டை ஏறுவதற்கே கொடுத்துவிட்டு வீட்டுக்கு வர வேண்டுமாம். கோத்தகிரி, கேத்தி, ஊட்டி புள்ளிகள் இன்னும் மேப்பில் அப்படியேதான் இருக்கின்றன. கேத்திக்கு நேரில் போய்ப் பார்த்தேன். புள்ளி காட்டும் இடத்தில் கேரட் கழுவும் மிஷின்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, சார்ஜருக்குக் குழி தோண்டிய அடையாளம்கூட இல்லை.

பேங்க்கில் கேட்டதற்கு, நீங்களே விருப்பப்பட்டு அனுப்பிய பணம், வெற்றிகரமாகப் போய்ச் சேர்ந்த பரிமாற்றம், திருப்ப முடியாது என்றார்கள். ஒரு கம்பெனி தன் சேவைக்கு மட்டும் பயன்படும்படி ஆப்பில் வைக்கும் முன்பண வாலட்டுக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதியே தேவையில்லை, அதுவும் இப்போதுதான் தெரிந்துகொண்டேன். சார்ஜிங் நிலையம் வைக்கவும் லைசென்ஸ் வேண்டாம், 2018லேயே மத்திய மின்துறை தெளிவுபடுத்திவிட்டது. நிறையப் பேர் நிலையம் வைக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்ததுதான், நான் அதைக் குறை சொல்லவில்லை. நகரத்தில், நெடுஞ்சாலையில் எவ்வளவு தூரத்துக்கு ஒரு நிலையம் என்றெல்லாம் வழிகாட்டுதலும் இருக்கிறது. ஆனால் வைத்த மிஷின் ஓடுகிறதா என்று பார்க்க எங்கள் பார்க்கிங்குக்கு யாரும் வந்து நான் பார்க்கவில்லை. மேப்பில் பார்த்தால் குன்னூரில் சார்ஜர் இருக்கிறது. நேரில் வந்து பார்த்தால் தார்ப்பாய்தான் இருக்கிறது. அதை நம்பிக் கீழேயிருந்து குழந்தைகளோடு ஏறி வருகிற குடும்பங்களை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

என்ன செய்யலாம் என்று விளக்கமாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலையில் எந்த சார்ஜருக்கும் வருட மெம்பர்ஷிப் கட்டாதீர்கள், எவ்வளவு சலுகை சொன்னாலும் சரி. வாலட்டில் அன்றைக்குத் தேவையானதை மட்டும் போடுங்கள். பச்சைப் புள்ளியை நம்பாதீர்கள், கடைசியாக யார் எப்போது சார்ஜ் போட்டார்கள் என்று ஆப்பில் பாருங்கள், இல்லாவிட்டால் அந்த லாட்ஜுக்கோ ஓட்டலுக்கோ போன் போட்டு "மிஷினில் இப்போது லைட் எரிகிறதா" என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். மேட்டுப்பாளையத்திலேயே எண்பது சதவீதமாவது ஏற்றிக்கொள்ளுங்கள். பணம் ஏற்கெனவே மாட்டியிருந்தால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம், நான் பதிந்துவிட்டேன்.

கம்பெனி வெளிமாநிலத்தில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது. திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். ஒரே பாதிப்பு உள்ளவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுக்கவும் வழி இருக்கிறது. குன்னூர், கோத்தகிரி, ஊட்டியில் இதே திட்டத்துக்குக் கட்டியவர்கள் யாராவது இருந்தால் ரசீது, ஸ்லாட் மெசேஜ், மிஷின் போட்டோ எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்குச் சொல்லுங்கள். 11,800 ரூபாயையும் வட்டியோடு கேட்கப்போகிறேன்.