மோசின் நாகன்ட்: முனை தேஞ்சா குடையலாமா, புது பேரலா?

ரஷ்யாவோட பழைய ராணுவ ரைஃபிள் மோசின் நாகன்ட் 91/30ல குண்டு கண்ட இடத்துக்குப் போகுதுனா பல நேரம் வில்லன் பேரல் முனைதான், கிளீனிங் ராடை முன்பக்கமா விட்டுத் தேச்சுத் தேச்சே அங்க காடி, அதாவது குண்டைச் சுழல விடுற உள்வரி, மழுங்கியிருக்கும்.

கவுன்டர்போர்னா தேஞ்ச அந்தக் கொஞ்ச தூரத்த மட்டும் உள்ள அகலமா குடைஞ்சு விட்டுடறது, நல்ல காடி எங்க இருக்கோ அங்கருந்து குண்டு கிளம்பும், பக்கத்துலருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது, ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சப்புறம் சோவியத் பட்டறைலயே இதத்தான் செஞ்சாங்க, செலவும் கம்மி.

புது பேரல் போட்டா குறி நல்லாவே வரும், ஆனா பேரல் மேல இருந்த பழைய முத்திரை, வருஷம் எல்லாம் போச்சு, ஹெட்ஸ்பேஸ், அதாவது பின்னாடி மூடுற போல்ட்டுக்கும் தோட்டா முட்டி நிக்கிற இடத்துக்கும் நடுவுல உள்ள இடைவெளி, அத வேற கேஜ் வச்சுப் பாக்கணும். உள்ள முழுக்க துருக்குழினா மட்டும்தான் நான் அந்தப் பக்கம் போவேன். அதுக்கு முன்னாடி ஸ்டாக், அதான் மரக்கட்டை, அதோட ஸ்க்ரூ லூசானு ஒருதடவ பாத்துடுங்க சாமி!