பிபிஎல் (பிரைவேட் பைலட் லைசென்ஸ்) படிக்கலாம் என்று இருப்பவர்கள் படித்துவிடுங்கள்: ஃப்ளையிங் கிளப்பில் 6,40,000 ரூபாய் கட்டினேன், லைசென்ஸும் இல்லை, பணமும் இல்லை

இன்று காலை அந்த கிளப்பின் கடைசி மெயில் வந்தது. நான் கட்டிய 6,40,000 ரூபாயில் 60,000 ரூபாயைத் திருப்பித் தருவார்களாம், அதுவும் இனிமேல் எங்கேயும் எந்தப் புகாரும் கொடுக்க மாட்டேன் என்று பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால். படித்ததிலிருந்து உடம்பெல்லாம் பதறுகிறது. ஆற அமர எழுதும் நிலையில் நான் இல்லை, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது, இப்போதைக்குப் பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். வெளிமாநிலத்தில், பயணிகள் விமானமும் வந்து போகிற ஒரு சின்ன ஏர்போர்ட்டில் இருக்கும் ஃப்ளையிங் கிளப். போலி இல்லை, டிஜிசிஏ, அதாவது மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்ககம், அனுமதி கொடுத்த கிளப். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிபிஎல் என்பது பிரைவேட் பைலட் லைசென்ஸ். இதை வைத்துச் சம்பளத்துக்கு விமானம் ஓட்ட முடியாது, சொந்த ஆசைக்கு ஓட்டலாம். பத்தாம் வகுப்பு, 17 வயது, கிளாஸ் 2 மெடிக்கல் என்கிற உடல்தகுதிச் சான்று, பரீட்சை, இதோடு குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த 40 மணியில் 20 மணி சோலோ, அதாவது பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல். அதிலும் 5 மணி ஊர்விட்டு ஊர் போகும் கிராஸ் கன்ட்ரி, ஒரு தடவையாவது 150 நாட்டிகல் மைல் பறந்து, வழியில் வேறு இரண்டு ஏரோட்ரோமில் இறங்கி நின்று வர வேண்டும். ஏர்லைன்ஸ் வேலைக்குப் போகிற பிள்ளைகள் படிப்பது சிபிஎல், அதாவது கமர்ஷியல் பைலட் லைசென்ஸ், அதற்கு 200 மணி. அவர்கள் அரைக்கோடி வரைக்கும் கட்டுகிறார்கள். என்னை மாதிரி ஆசைக்கு வருகிறவர்கள் கிளப்புக்குச் சில்லறை, இது எனக்குப் பணம் கட்டிய பிறகுதான் புரிந்தது, யாரும் முன்னால் சொல்லவில்லை.

நான் ஓசூரில் ஒரு வாகன உதிரிபாக ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறேன். சின்ன வயதிலிருந்தே இந்த ஆசை, வீட்டு நிலைமையில் அப்போது நடக்கவில்லை. தம்பி படிப்பு, கல்யாணம் எல்லாம் முடிந்த பிறகு எனக்கென்று மாதாமாதம் ஆர்.டி. போட்டு வந்தேன். அந்த முழுப் பணமும், மேலே சீட்டுப் பணமும் சேர்ந்ததுதான் இந்த 6,40,000 ரூபாய்.

முதலில் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். சேர்க்கையைக் கவனிக்கும் பையன் திருநெல்வேலிப் பக்கம். இந்தியும் இங்கிலீஷுமாக இருந்த அந்த இடத்தில் "வாங்கக்கா, சாப்டீங்களா" என்று ஒரு குரல் கேட்டால் எப்படி இருக்கும் என்று வெளியூரில் இருந்தவர்களுக்குத் தெரியும். அவனே விமானம் நிறுத்தும் ஹேங்கருக்குக் கூட்டிப் போனான். செஸ்னா 152, இரண்டே சீட்டு, அவ்வளவு பக்கத்தில் நான் விமானத்தைப் பார்த்ததே இல்லை. இன்ஸ்ட்ரக்டர் றெக்கைக்கு அடியில் குனிந்து டேங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை ஒரு சின்னக் குடுவையில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். இளநீல நிறம். அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தங்கியிருந்தாலும் இன்று பறக்க மாட்டோம், இன்ஜின் மேலே போய் நின்றுவிடும் என்றார். இரண்டு டேங்கிலும் பிடித்துப் பார்த்தார், டிப்ஸ்டிக் விட்டு அளந்தார், செக்லிஸ்ட்டை விரல் வைத்துப் படித்தார். நானும் வேலையில் அளவு பார்க்கிறவள்தான். அந்த நிமிஷத்தில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீருக்கு இவ்வளவு பார்க்கிறவர்கள் ஒரு மனுஷியின் பணத்தில் கை வைப்பார்கள் என்று எப்படித் தோன்றும்?

அப்புறம் இருபது நிமிஷம் மேலே கூட்டிப் போனார்கள். கன்ட்ரோலை என் கையில் கொடுத்தார்கள். இறங்கி வந்து ஆபீஸில் டீ கொடுத்துவிட்டு அந்தப் பையன் கணக்குப் போட்டான். மணிக்கு 16,000 ரூபாய். ஆனால் இந்த மாதமே 40 மணிக்கும் சேர்த்துக் கட்டினால் 13,500. "அக்கா, பெட்ரோல் விலை ஏறப் போகுது, அடுத்த பேட்சுக்கு இந்த ரேட் கிடையாது. நான் இருக்கேன்ல, உங்கள நான் விட்ருவேனா?" 40 மணிக்கு 5,40,000. கிரவுண்ட் கிளாஸ் (தரையில் நடக்கும் பாட வகுப்பு), சேர்க்கை, ஹாஸ்டல், யூனிபார்ம் என்று ஒரு லட்சம். மூன்று விமானம் இருந்ததே, ஒன்றில் இன்ஜினே இல்லையே என்றும் கேட்டேன். ஓவர்ஹாலுக்குப் போயிருக்கிறது, பத்து நாளில் வந்துவிடும் என்றான். விதிமுறைத் தாளைக் கேட்டேன், பணம் வந்ததும் ரசீதோடு மெயிலில் வரும் என்றான். நாலு மாதத்தில் லைசென்ஸோடு ஊருக்குப் போகலாம் என்றான். சம்பளமில்லா லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தேன்.

முதல் மூன்று வாரம் குறை சொல்ல முடியாது. நேர்மட்டமாகப் பறப்பது, திருப்புவது, ஸ்டால் (வேகம் குறைந்து றெக்கை தூக்கும் சக்தியை இழப்பதும் அதிலிருந்து மீள்வதும்), அப்புறம் சர்க்யூட், அதாவது ஏறி ஓடுபாதையைச் சுற்றி வந்து இறங்குவது. சொல்லிக் கொடுத்த இன்ஸ்ட்ரக்டர் நல்ல மனிதர், அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அடுத்த வாரம் சோலோ என்று சொன்னபோது வந்தது முதல் இடி. சிஎஃப்ஐ, அதாவது தலைமை இன்ஸ்ட்ரக்டர், ஏர்லைன்ஸில் வேலை கிடைத்துப் போய்விட்டார். மிச்சம் இருந்தது துணை இன்ஸ்ட்ரக்டர் மட்டும், முதல் சோலோவுக்கு ஒரு மாணவரை அனுப்பும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. புது சிஎஃப்ஐ வரும்வரை பொறுங்கள் என்றார்கள். பொறுத்தேன். அப்புறம் பறக்கிற விமானம் நூறு மணி செக்குக்குப் போனது. அப்புறம் ஸ்பேர் பார்ட்ஸ் வரவில்லை. அப்புறம் பனிமூட்டம். அப்புறம் ஒரு விஐபி வருகிறார், ஏர்ஸ்பேஸ் இல்லை.

இங்கேதான் கவனியுங்கள். இந்தத் தொழிலில் அவர்கள் சொல்லும் ஒவ்வொரு காரணமும் உண்மையாகவே நடக்கக்கூடிய காரணம். வானிலை சரியில்லை, மெயின்டெனன்ஸ், இன்ஸ்ட்ரக்டருக்கு டூட்டி நேரம் முடிந்தது, எதைச் சொன்னாலும் நம்மால் மறுத்துப் பேச முடியாது. கொஞ்சம் அழுத்திக் கேட்டால் "மேடம், இது ஏவியேஷன், சேஃப்டியில் விளையாட முடியாது" என்று ஒரே வாயாகச் சொல்லிவிடுவார்கள், கேட்டதே நம் குற்றம் மாதிரி ஆகிவிடும். அந்தச் சேஃப்டி என்ற சொல்லை வைத்துத்தான் என் மாதங்களைத் தின்றார்கள்.

எனக்கு மெட்டார், அதாவது ஏர்போர்ட் வானிலை அறிக்கை, படிக்க அவர்கள் கிரவுண்ட் கிளாஸிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நாங்கள் பறக்கிற முறைக்கு, அதாவது கண்ணால் வெளியே பார்த்துப் பறப்பதற்கு, பார்வைத் தூரம் 5 கிலோமீட்டர் வேண்டும். பனிமூட்டம் என்று என் சார்ட்டியை (ஒரு தடவைப் பறப்பை) ரத்து செய்த ஒரு நாள், அதே நேரத்து மெட்டாரில் 6,000 மீட்டர், மேகம் கிடையாது. ஹாஸ்டல் மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தால், ரிப்பேரில் இருப்பதாக என்னிடம் சொல்லப்பட்ட அதே விமானம், அதே பதிவெண், சிபிஎல் பையன் ஒருவனோடு சர்க்யூட் அடித்துக்கொண்டிருக்கிறது. போட்டோ எடுத்துக்கொண்டு நேரே மேனேஜரிடம் போனேன். அவர் போட்டோவைப் பார்க்கவே இல்லை. பெரிய பேட்ச் பையன்களுக்குக் கோர்ஸ் முடிய வேண்டும், அவர்களுக்குத்தான் முன்னுரிமை, நீங்கள் ஹாபிக்கு வந்தவர்தானே, உங்களுக்கு என்ன அவசரம் என்றார். ஹாபிக்கு வந்தவளின் 6,40,000 ரூபாய் மட்டும் அவசரமாக வேண்டியிருந்தது அவர்களுக்கு.

லீவு முடிந்தது, ஊருக்குத் திரும்பினேன். ஏழு மாதத்தில், பறந்த நேரத்தைக் குறித்து வைக்கும் என் லாக்புக்கில் இருந்தது 11 மணி நேரம். சோலோ ஒரு நிமிஷம்கூட இல்லை. இடையில் வாரக்கணக்கில் விட்டுவிட்டுப் பறந்ததால் அந்த 11 மணியிலும் பாதி, மறந்ததைத் திரும்பப் பழகியதுதான். மீதிப் பணத்தைக் கொடுங்கள், வேறு இடத்தில் முடித்துக்கொள்கிறேன் என்று எழுதினேன். அப்போதுதான் கணக்கு வந்தது. அவர்கள் ஏட்டில் நான் பறந்தது 17 மணி 30 நிமிஷமாம்! எப்படி என்று கேட்டால், விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து இல்லை, இன்ஜின் ஸ்டார்ட் செய்ததிலிருந்து கணக்காம். ஏர்லைன் விமானம் இறங்கும்வரை இன்ஜினை ஓடவிட்டு நின்ற இடத்திலேயே காத்திருந்த நேரமெல்லாம் என் தலையில். சிமுலேட்டரில் உட்கார்ந்ததும் அதில் சேர்த்தி. அதோடு பாதியில் விலகுவதால் சலுகை ரேட் செல்லாது, மணிக்கு 16,000 வீதம் 2,80,000. நிர்வாகச் செலவு என்று இரண்டு லட்சம். கிரவுண்ட் கிளாஸ், ஹாஸ்டல் லட்ச ரூபாய் பேச்சுக்கே இடமில்லை. ஆக 60,000.

இந்தக் கணக்கை வாங்கவே நான் பட்ட பாடு. போன் செய்தால் அக்கவுன்ட்ஸைக் கேளுங்கள் என்பார்கள். அக்கவுன்ட்ஸில் எம்.டி. ஒப்புதல் வேண்டும் என்பார்கள். எம்.டி. எப்போதும் வெளியூர். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. அந்தத் திருநெல்வேலிப் பையனுக்குப் பேசினேன். "அக்கா, நான் அங்கருந்து நின்னுட்டேன், இப்ப வேற கம்பெனி, என்னை இதுல இழுக்காதீங்கக்கா" என்று வைத்துவிட்டான். அவனுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்று பிறகு ஹாஸ்டல் பையன்கள் சொன்னார்கள். இருக்கட்டும், அவன் வாயால்தான் நான் பணம் கட்டினேன். என் லாக்புக்கில் சான்று கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டதற்கும், முதலில் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். அந்தச் சான்று இல்லாமல் அந்த 11 மணியை வேறு கிளப்பில் எப்படிக் காட்டுவேன்? பணத்தையும் வைத்துக்கொண்டு, பறந்த மணியையும் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

என்ன பார்த்துச் சேர வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அந்தப் பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். முழுப் பணத்தையும் ஒரேயடியாகக் கட்டாதீர்கள், எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும் சரி, ஐந்து மணி, பத்து மணி என்று கட்டுங்கள், அப்படி வாங்க மாட்டோம் என்றால் வெளியே வந்துவிடுங்கள். ஹேங்கரில் நிற்கிற விமானத்தை எண்ணாதீர்கள், நேற்று எது பறந்தது என்று அங்கே படிக்கிற பையன்களிடம் தனியாகக் கேளுங்கள். சிஎஃப்ஐ யார், எத்தனை நாளாக இருக்கிறார் என்று கேளுங்கள். இன்ஜின் ஸ்டார்ட்டா, நகர்வதிலிருந்தா, எதிலிருந்து மணிக்கணக்கு என்று எழுதி வாங்குங்கள், பணம் திரும்ப வரும் விதியையும் கட்டும் முன்பே கையில் வாங்குங்கள். ஒவ்வொரு சார்ட்டி முடிந்ததும் லாக்புக்கைப் போட்டோ எடுத்து வையுங்கள், நான் எடுத்து வைத்திருந்ததால்தான் இன்று 11க்கும் 17க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட முடிகிறது. டிஜிசிஏ 2025 அக்டோபரிலிருந்து ஃப்ளையிங் பள்ளிகளைத் தரம் பிரித்துப் பட்டியல் போடுகிறது, முதல் பட்டியலில் மேல் இரண்டு தரத்திலும் ஒரு பள்ளிகூட வரவில்லை, அதையும் பார்த்துவிட்டுப் போங்கள். ஏற்கெனவே மாட்டியவர்கள் 1915க்குப் போன் செய்து நுகர்வோர் புகார் பதியுங்கள், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், அவர்கள் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

60,000 வேண்டாம் என்று பதில் அனுப்பிவிட்டேன். அந்த கிளப்பில் இப்போது அடுத்த பேட்சுக்கு ஆள் எடுக்கிறார்கள், அதே "இந்த மாதம் மட்டும்" ரேட்டோடு விளம்பரம் ஓடுகிறது. வெளிமாநிலத்தில் பிபிஎல் சேரப் பணம் தயாராக வைத்திருக்கிறவர்கள் யாராவது இருந்தால், கட்டும் முன் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள், அது இந்த இடம்தானா என்று சொல்லிவிடுகிறேன்.