மெர்லின் செயலி: வன்னிக் குளக்கட்டில் எவ்வளவு நம்பலாம்?

பறவைகளை இனங்காண உதவும், கோர்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி, பறவை பார்க்கும் வன்னிக்காரர் ஒவ்வொருவரின் போனிலும் இருக்கவேண்டியது. கட்டணமும் இல்லை, விளம்பரமும் இல்லை. உலகின் ஏறத்தாழ 11,000 பறவையினங்களில் பெரும்பாலானவை அதற்குள் அடங்கும். ஆனால் அது காட்டும் பெயரை அப்படியே எழுதி வைக்கக்கூடாது. எங்கே சறுக்கும் என்று தெரிந்து பாவிக்கவேண்டும்.

நமது பகுதிக்குரிய பறவைத் தகவல் பொதியை வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ நல்ல வைஃபை கிடைக்கும்போதே தரவிறக்கிவிடுங்கள். நூற்றுக்கணக்கான மெகாபைட் பிடிக்கும். பிறகு சிக்னல் இல்லாத காட்டுக்கரையிலும் வேலை செய்யும். இடத்தையும் திகதியையும் சரியாகக் கொடுங்கள். இலங்கையில் கரிச்சான் வடக்கையும் அதையொட்டிய கரையோரத்தையும் விட்டு அதிகம் போகாது. தெற்கில் வெள்ளை வயிற்றுக் கரிச்சானே அதிகம். இடம் பிழைத்தால் விடையும் பிழைக்கும்.

கேள்வி கேட்டு இனங்காணும் வழியில் அளவைத்தான் பலரும் பிழையாகக் கொடுக்கிறார்கள். அளவைக் காட்ட அதில் வரும் 'ராபின்' அமெரிக்காவின் பறவை. நமது மைனா அளவு இருக்கும். ஆங்கிலப் பெயரில் 'ராபின்' உள்ள நமது குண்டுகரிச்சானை நினைத்துக்கொண்டு அழுத்தினால் பட்டியலே மாறிவிடும். நிறம் மூன்று வரை கொடுக்கலாம். வெயிலுக்கு எதிரே நின்ற பறவைக்குக் கறுப்பு என்று கொடுக்காதீர்கள்.

ஒலியால் இனங்காண்பதுதான் இதன் பெரும் பலம். விடியப்புறம், காற்று எழும்பமுன், ஒலிவாங்கித் துளையை விரலால் மறைக்காமல் பறவையின் பக்கம் பிடித்து அரை நிமிடமாவது அசையாமல் நில்லுங்கள். மாரியில் பற்றைக்குள் ஒளிந்து கூவும் ஆறுமணிக்குருவியைப் பிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. வாடைக்காற்று அடித்தால் பதிவு கெட்டுவிடும். போதிய ஒலிப்பதிவு சேராத இனங்களை அது சொல்லவே சொல்லாது. இன்னொரு சிக்கல், வெள்ளை வயிற்றுக் கரிச்சான் மற்றப் பறவைகளின் குரலை அப்படியே எடுத்துவிடும். வல்லூறு என்று செயலி காட்டினால் கொப்பை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

படத்துக்குப் போன் கமரா போதாது. பெரிய கமராவில் எடுத்து, அதன் திரையைப் போனால் படம்பிடித்துக் கொடுத்தாலும் ஏற்கும். கட்டுக்கரைக்குளத்திலும் வங்காலையிலும் வந்திறங்கும் வாத்துகளில்தான் அதிகம் தடுமாறும். நீலச்சிறகியின் ஆண் வந்த புதிதில் பெண்ணைப்போலவே பழுப்பாக இருக்கும். வெண்புருவம் பளிச்சென்று தெரிய மாதங்கள் செல்லும். பறக்கும்போது சிறகு விரிந்த படம் ஒன்று இருந்தால் குழப்பம் பெரும்பாலும் தீரும்.

பெயரைக் கண்டதும் செயலியை மூடிவிடாமல் பரம்பல் வரைபடத்தையும் திறந்து பாருங்கள். ஊசிவால் வாத்துக்கு ஐரோப்பா, சைபீரியா, அலாஸ்கா என்று வட உலகம் முழுக்கக் கூடுகட்டும் நிலம் விரிந்திருக்கும். அதே வாத்துத்தான் இங்கே நம் குளத்தில் தலைகீழாய்க் கவிழ்ந்து தீன் தேடுகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டுங்கள். உலகப் படம் அவர்களுக்கு வேறு மாதிரித் தெரியும். வேறு நாட்டுப் பொதியையும் இறக்கிப் பார்க்கலாம், போனில் இடம் போதாவிட்டால் அழித்துவிடலாம்.

தரவையில் ஓடும் உள்ளான், உப்புக்கொத்தி வகைகளுக்கு மட்டும் மெர்லினை நம்பி முடிவெடுக்கவேண்டாம். மாரியில் எல்லாமே சாம்பலும் வெள்ளையுமாய் இருக்கும். சொண்டின் நீளம், கால் நிறம் பார்த்துத்தான் பிரிக்கவேண்டும். பிரிக்க முடியாவிட்டால், பறவைப் பட்டியல்களைப் பதியும் அதே ஆய்வகத்தின் ஈபேர்டில் 'உள்ளான் வகை' என்ற மட்டில் எண்ணிக்கையுடன் பதியலாம். எந்த இடத்தில் எந்தப் பறவை இருக்கும் என்ற மெர்லினின் கணிப்பு ஈபேர்டில் சேரும் பட்டியல்களில் இருந்துதான் வருகிறது. ஆகவே சுண்டிக்குளம், நந்திக்கடல், வவுனிக்குளம் பக்கம் போகிறவர்கள் காகம், கொக்கையும் விடாமல் முழுப் பட்டியலாகப் பதியுங்கள்.