கடல் மீன் தொட்டிக்கு ஸ்டாண்டு: மரமா, இரும்பா?

முதல் கடல் மீன் தொட்டி வைக்கப் போகிறவர்கள் உப்பு, கல், விளக்கு, ஸ்கிம்மர் (தண்ணீரின் கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி) என்று எல்லாவற்றையும் மாதக்கணக்கில் அலசுவார்கள். ஸ்டாண்டைப் பற்றிய யோசனை கடைசியில்தான் வரும். ஆனால் தொட்டி நிறைந்த பிறகு தொடவே முடியாத சாமான் அது ஒன்றுதான். மோட்டார் சரியில்லையா, மாற்றிவிடலாம். மீன் சண்டை போடுகிறதா, வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். ஸ்டாண்டை மாற்ற வேண்டுமானால் மீன், கல், மணல், தண்ணீர் எல்லாம் வெளியே வந்தாக வேண்டும். மீன் கழிவைச் சிதைக்க வாரக்கணக்கில் காத்திருந்து வளர்த்த பாக்டீரியாவுக்கும் அன்றைக்குக் கண்டம்தான்.

நானே செய்துகொள்வது என்று தீர்மானித்த பிறகு இரண்டு வழிகள் இருந்தன. சதுர இரும்புக் குழாயை வெட்டி வெல்டிங் வைத்த சட்டம் ஒன்று. மரச் சட்டம் கட்டி மேலேயும் பக்கங்களிலும் பிளைவுட் அடித்தது இன்னொன்று. நான் மரத்தின் பக்கம் போனேன். இன்றும் அந்தப் பக்கமே நிற்கிறேன். ஆகவே இதை நடுநிலைத் தீர்ப்பாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மரத்தூள் பலகையில் செய்த ரெடிமேட் மேசையை இந்தப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. ஓரத்தில் ஒருமுறை தண்ணீர் இறங்கினால் அது ஊதிவிடும், ஊதியது பழைய நிலைக்குத் திரும்பாது.

பாரக் கணக்கைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி விளிம்புவரை சுமார் 255 லிட்டர் பிடிக்கும். கடல்நீர் நன்னீரைவிட இரண்டரை சதவீதம் கனம். 10 மி.மீ. கண்ணாடி என்றால் தொட்டி மட்டுமே 50 கிலோ இருக்கும். கல்லும் மணலும் சேர்ந்தால் 320, 350 கிலோவில் நிற்கும். கீழே சம்ப் (வடிகட்டும் சாமான்களை வைக்கும் இரண்டாவது தொட்டி) வைத்தால் அதற்கு இன்னும் ஒரு 70 கிலோ.

இந்த எண்களைக் கேட்டதுமே எல்லோரும் இரும்புதான் என்பார்கள். அங்கேதான் எனக்கு ஒப்புதல் இல்லை. நிறுத்தி வைத்த மரக் கால் நாம் நினைப்பதைவிடப் பலமானது. 38×89 மி.மீ. அளவுள்ள உலர்ந்த பைன் கட்டை, முக்கால் மீட்டர் உயரத்துக்கு ஒற்றைக் காலாக ஒரு டன்னுக்கு மேல் தாங்கும். நமக்குக் கால்கள் நான்கோ ஆறோ இருக்கின்றன. வளைவைப் பார்ப்போம் என்றால், இரும்பு பைன் மரத்தைவிட ஏறத்தாழ 20 மடங்கு விறைப்பு என்பது உண்மைதான். ஆனால் குறுக்காகக் கிடக்கும் சட்டத்தின் விறைப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதன் உயரம். உயரத்தை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். ஸ்டாண்டு செய்யப் பட்டறையில் பொதுவாக எடுத்துப் போடும் 50×50 மி.மீ., 2 மி.மீ. கனமுள்ள குழாயையும், 140 மி.மீ. பக்கம் செங்குத்தாக வரும்படி வைத்த 38×140 மி.மீ. பைன் சட்டத்தையும் ஒரே நீளத்தில் வைத்து ஒரே பாரம் ஏற்றினால், மரத்தின் வளைவு குழாயின் வளைவில் பாதிகூட வராது. முதல்முறை கணக்குப் போட்டபோது நானே நம்பாமல் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பாரம் மரத்திலிருந்து மரத்துக்கு இறங்க வேண்டும், ஸ்குரூ வழியாக இறங்கக் கூடாது. மேல் சட்டம் காலின் தலைமேல் உட்கார வேண்டும். காலின் பக்கவாட்டில் சட்டத்தை ஒட்டி ஸ்குரூ போட்டு நிறுத்தினால் அத்தனை கிலோவும் நாலு திருகாணிகளின் கழுத்தில் தொங்கும். ஸ்குரூவின் வேலை கட்டைகளை நகராமல் பிடித்துவைப்பது, அவ்வளவே. அப்புறம் பக்கவாட்டு ஆட்டம். ஸ்டாண்டுகள் சாய்வது பெரும்பாலும் பாரத்தால் அல்ல, யாராவது இடித்தால் இணைகரமாகச் சரிவதால். முதுகுப் பக்கமும் இரண்டு ஓரங்களும் 12 மி.மீ. பிளைவுட் ஒட்டி அறைந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இரும்பில் மூலைக்கு மூலை வெல்டிங் இருப்பதால் இந்தக் கவலை குறைவு, ஒப்புக்கொள்கிறேன்.

மட்டம் என்று வந்தால் மரம் இன்னும் ஒரு படி முன்னே நிற்கிறது. வெல்டிங் ஆறும்போது சுருங்கி மூட்டை இழுக்கும். கைதேர்ந்தவர் மூலைகளில் புள்ளி வைத்துக் கட்டி, எதிரெதிராக மாற்றி மாற்றிப் பற்றவைத்து அந்த இழுப்பைச் சமாளிப்பார். அப்படியில்லாத கையில் நான்கு மூலைகளில் ஒன்று 2, 3 மி.மீ. தூக்கிக்கொண்டு வரும். கண்ணாடிக்கு அந்த முறுக்கு ஆகாது. அடியில் விரிக்கும் ஃபோம் சின்ன மேடு பள்ளத்தை ஏற்றுக்கொள்ளும், சட்டத்தின் முறுக்கை ஏற்றுக்கொள்ளாது. மரத்தில் அதே கோளாறு வந்தால் இழைப்புளியை எடுத்து நாலு இழுப்பு இழுத்தால் தீர்ந்தது. ரசமட்டத்தை நீளவாட்டில், அகலவாட்டில், இரண்டு மூலைவிட்டங்களில் வைத்துப் பார்த்து, தூக்கலான இடத்தில் பென்சில் கோடு போட்டு, அந்தக் கோடு மறையும்வரை இழைத்துக்கொண்டே போனேன். இரும்பில் இதைச் செய்யப் பட்டறைக்குத்தான் திரும்ப வேண்டும்.

இவையெல்லாம் சேர்ந்தும் என்னை முழுதாக மரத்தின் பக்கம் தள்ளியிருக்காது. தள்ளியது உப்பு.

நன்னீர்த் தொட்டி வைத்துப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. ஒரு லிட்டர் கடல்நீரில் 35 கிராம் உப்பு இருக்கிறது. 250 லிட்டர் தொட்டியில் கிட்டத்தட்ட 9 கிலோ. தண்ணீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கும், அதனால்தான் குறைந்த தண்ணீருக்கு ஈடாக நன்னீரை மட்டும் ஊற்றுகிறோம். ஆனால் குமிழி உடைந்து தெறிக்கும் துளியில் உப்பும் சேர்ந்தே வெளியே வருகிறது. விளிம்பில் விழுந்த துளி காய்ந்து உப்பாகப் பூக்கும். பூத்த உப்பு அடுத்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு இன்னும் கொஞ்சம் நகரும். ஹீட்டர் வயரைப் பிடித்துக்கொண்டே ஏறி, தொட்டியின் பின்சுவரில் இறங்கி, ஸ்டாண்டின் மேல் சட்டத்தில் வந்து உட்கார்ந்துவிடும். என் தொட்டியில் முதலில் பூத்த இடம் பின்பக்க வலது மூலை. மோட்டார் வயர் வெளியே வரும் இடத்தில், விரலால் தடவினால் நறநறக்கும் வெள்ளைக் கோடு. வாராவாரம் ஈரத்துணியால் துடைக்கிறேன், வாராவாரம் வருகிறது. ஸ்டாண்டுக்குள் சம்ப்பும் ஸ்கிம்மரும் இருந்தால் இன்னும் மோசம். கதவு மூடிய சின்ன அறைக்குள் நாள் முழுக்க உப்பு ஈரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இந்தச் சூழலில் பெயிண்ட் அடித்த இரும்பை வையுங்கள். பெயிண்ட் முழுசாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. வெல்டிங் மேட்டின் ஓரத்தில் பூச்சு எப்போதுமே மெல்லிசாகத்தான் நிற்கும். சம்ப்பை உள்ளே தள்ளும்போது ஒரு கீறல் விழும். உப்பில் உள்ள குளோரைடு அந்த இடத்தில் நுழைந்தால் துரு பெயிண்டின் மேலே வராமல் கீழேயே படரும். துரு, அது தின்ற இரும்பைவிடப் பருமன் கூடியது, அதனால் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். இதே பொழுதுபோக்கில் உள்ள நண்பர் ஒருவர் வீட்டில் அப்படி ஒரு கொப்புளத்தை நகத்தால் சுரண்டினேன். விரல்நுனி அளவு இருந்தது, சுரண்டச் சுரண்ட உள்ளங்கை அகலத்துக்குப் பொருக்கு உதிர்ந்தது. உதிர்ந்ததில் பாதி நேராகக் கீழே சம்ப்பில் விழுந்தது. குழாயின் உட்பக்கம் வேறு இருக்கிறது. அங்கே பெரும்பாலும் யாரும் பெயிண்ட் அடிப்பதில்லை, என்ன நடக்கிறது என்று பார்க்கவும் வழியில்லை.

துரு பிடித்தால் தேய்த்துவிட்டு பிரைமர் அடித்துக்கொள்ளலாமே என்று சொல்வார்கள். வெறும் ஸ்டாண்டு என்றால் அரை நாள் வேலை. மேலே 350 கிலோ நிற்கும்போது என்ன செய்வீர்கள்? கிரைண்டரின் தீப்பொறி பட்டால் கண்ணாடியில் புள்ளி புள்ளியாகக் குழி விழும். தூள் சம்ப்புக்குள் போகும். பெயிண்டின் நெடியை ஸ்கிம்மர் காற்றோடு உறிஞ்சித் தண்ணீரிலேயே கலந்துவிடும். கையால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம் என்றாலும், தொட்டியின் அடியும் சட்டமும் சந்திக்கும் இடத்துக்குள் கை போகாது. துரு ஆரம்பிப்பதோ அங்கேதான். உடனே சட்டம் முறிந்து விழுந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை, 2 மி.மீ. இரும்பு அரித்துத் தீர வருடங்கள் ஆகும். பராமரிப்பு தேவைப்படும் நேரத்தில் பராமரிக்க விடாத பொருள் என்பதுதான் என் குறை.

மரத்தை உப்பு அப்படித் தின்னாது. மரத்துக்கு எதிரி தேங்கிய ஈரம், அதைத் தடுப்பது நம் கையில் இருக்கிறது. வெட்டு முனைகள்தான் தண்ணீரை அதிகம் குடிக்கும், அவற்றுக்கு எபாக்சி இரண்டு பூச்சு தாராளமாக. மற்ற முகங்கள் எல்லாவற்றுக்கும், கண்ணில் படாத அடிப்பக்கம் உட்பட, பாலியூரித்தேன். மரைன் பிளைவுட்டாகவே வாங்குங்கள். ஸ்குரூவுக்கு 316 தர ஸ்டெயின்லெஸ் நல்லது, 304 உப்பில் புள்ளி விடும். இரும்பு ஸ்குரூ வேண்டவே வேண்டாம், துரு மரத்துக்குள் கறையாக இறங்கும். உட்தரையின் நாலு ஓரமும் இரண்டரை செ.மீ. உயரத்தில் ரீப்பர் ஒட்டி சிலிக்கான் இழுத்துவிட்டால் தரையே ஒரு தட்டாகிவிடும். 110×40 செ.மீ. தரையென்றால் அதில் 11 லிட்டர் நிற்கும். ஸ்கிம்மர் பொங்கும் இரவில் அதன் அருமை தெரியும். எங்காவது பூச்சு உரிந்தால், துடைத்துக் காயவைத்து, வாசம் குறைவான பூச்சைச் சின்னத் தூரிகையால் தொட்டு வைத்தால் போதும்.

இரும்பு நிஜமாகவே ஜெயிக்கும் இடமும் உண்டு: உள்ளே கிடைக்கும் இடம். மரக் கால்களும் ஆழமான மேல் சட்டமும் வாசலைக் குறுக்கிவிடும். பெரிய சம்ப், உயரமான ஸ்கிம்மர் என்று திட்டம் இருந்தால், முன்பக்கத் திறப்பை அளந்து பார்க்காமல் மரத்தை வெட்டாதீர்கள். ஸ்கிம்மரின் கோப்பையை மேலே தூக்கிக் கழற்ற வேண்டும், அதற்கும் இடம் விடுங்கள். 5, 6 அடித் தொட்டியாகி நடுவில் கால் இல்லாமல் முழு நீளமும் திறந்திருக்க வேண்டும் என்றால் நானும் மரத்தை வற்புறுத்த மாட்டேன். கறையான் உள்ள வீட்டில் மரம் இன்னொரு தலைவலி. என் வீட்டில் அந்தத் தொல்லை இல்லாததால் அதற்கான மருந்துகளைப் பற்றி அனுபவத்தில் பேச முடியாது. மீன் தொட்டிக்குப் பக்கத்தில் பூச்சிமருந்து தெளிக்கக் கூடாது என்பது மட்டும் நிச்சயம். கடல்நீர்த் தொட்டியில் வளரும் இறாலும் நண்டும் பூச்சிகளின் உறவுக்காரர்கள்.

அலுமினியப் புரொஃபைல் சட்டங்களைப் பலர் கேட்கிறார்கள். ஓரிரண்டு பார்த்திருக்கிறேன், பார்வைக்கு அழகு, போல்ட்டைத் தளர்த்தி மட்டம் திருத்தலாம். சொந்தமாக வைத்துப் பார்த்ததில்லை, அதனால் தீர்ப்புச் சொல்லவில்லை.

தரை விஷயத்திலும் ஒரு வார்த்தை. இரும்பு ஸ்டாண்டு பெரும்பாலும் நாலு சின்னக் கால்களில் நிற்கும், 400 கிலோவும் நாலு புள்ளிகளில் டைல்ஸ்மேல் இறங்கும். அடியில் வெற்றிடம் உள்ள டைல் என்றால் விரிசல்தான். மரத்தில் கீழ்ச் சட்டம் சுற்றிலும் தரையில் படுவதால் பாரம் பரவிவிடும். தரை சாய்வாக இருந்தால் ஆப்பை ஸ்டாண்டின் அடியில் செருகுங்கள், தொட்டியின் அடியில் ஒருபோதும் வேண்டாம். எந்த ஸ்டாண்டாக இருந்தாலும் பிளக் பாயின்ட் சம்ப்புக்கு மேலே வெளியே இருக்கட்டும், வயர் ஒரு வளைவு கீழே தொங்கிவிட்டு மேலேறட்டும், லைனில் கசிவு மின்சாரத்தில் துண்டிக்கும் ஸ்விட்ச் இருக்கட்டும். இரும்புச் சட்டம் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அதற்கு எர்த்தும் கட்டாயம்.

உப்பைக் கரைப்பதற்கு முன் வெறும் குழாய்த் தண்ணீரால் நிரப்பி ஓரிரு நாள் விடுங்கள். கசிவும் தெரியும், மரம் பாரத்தில் உட்காருவதும் தெரியும். தண்ணீர் விளிம்பிலிருந்து நாலு மூலையிலும் எத்தனை மி.மீ. கீழே நிற்கிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். அதைவிடத் துல்லியமான மட்டம் எந்தக் கருவியிலும் கிடைக்காது. வித்தியாசம் இருந்தால் தண்ணீரை இறக்கிவிட்டு ஆப்பைச் சரிசெய்யுங்கள், நிறைந்த தொட்டியோடு நெம்ப வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் இரும்புதான் என்றால், குழாயின் திறந்த வாய்களை எல்லாம் தகடு வைத்து வெல்டிங்கிலேயே அடைக்கச் சொல்லுங்கள். வெல்டிங் மேடுகளைத் தேய்த்து வழவழப்பாக்கி, எபாக்சி பிரைமர் அடித்து, அதன்மேல் இரண்டு பூச்சு. துத்தநாகம் பூசிய குழாயை வெறுமனே சம்ப்புக்கு மேல் விடாதீர்கள், அதிலிருந்து சொட்டும் நீர் பவளத்துக்கும் இறாலுக்கும் விஷம். பெயிண்ட் நன்றாக இறுகி வாசம் அடியோடு போக ஓரிரு வாரமாவது வெளியே காயட்டும். மேல் சட்டத்துக்கும் தொட்டிக்கும் நடுவில், பூச்சு அடித்த 18 மி.மீ. பிளைவுட் ஒன்றைச் சட்டத்தைவிட ஒரு விரல் அகலம் வெளியே நீட்டிப் போடுங்கள். வழியும் உப்புத் தண்ணீர் இரும்பில் படாமல் விளிம்பிலேயே சொட்டிவிடும்.