டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6: வீட்டுக்கான குறைந்த விலை ரவுட்டர்

இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குள் வீட்டுக்கு ஒரு வைஃபை ரவுட்டர் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் டிபி-லிங்க் நிறுவனத்தின் ஆர்ச்சர் சி6. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நான்கு ஆன்டெனாக்களோ பெட்டியின் மீது பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் 1200 என்ற எண்ணோ இதற்குக் காரணம் அல்ல. பின்புறத்தில் உள்ள ஐந்து கேபிள் போர்ட்டுகளும் கிகாபிட் வேகம், அதாவது நொடிக்கு 1000 மெகாபிட் (1000 எம்பிபிஎஸ்), உடையவை என்பதுதான் காரணம்.

அதே நிறுவனத்தின் ஆர்ச்சர் சி50 ரவுட்டரின் பெட்டியிலும் 1200 என்றுதான் போட்டிருக்கும், விலையும் குறைவு. ஆனால் அதன் போர்ட்டுகள் 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு மேல் போகாதவை. இணைய நிறுவனம் தரும் ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் கேபிள் அந்தப் போர்ட் வழியாகத்தான் ரவுட்டருக்குள் நுழைகிறது என்பதால், நீங்கள் மாதந்தோறும் 200 அல்லது 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டினாலும், வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் சேர்த்துக் கிடைப்பது ஏறத்தாழ 95 எம்பிபிஎஸ் மட்டுமே. வைஃபை எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த வரம்பைத் தாண்ட முடியாது. உங்கள் திட்டமே 30 அல்லது 40 எம்பிபிஎஸ் என்றால் இந்த வேறுபாடு உங்களைத் தொடாது. அப்போது சி50 அல்லது அதனினும் மலிவான சி20 போதும், கூடுதல் பணம் செலவழிக்கத் தேவையில்லை.

அந்த 1200 என்ற எண்ணையும் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 300 எம்பிபிஎஸ், 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 867 எம்பிபிஎஸ் என்ற இரண்டு உச்ச வேகங்களையும் கூட்டி, வரும் 1167-ஐ அடுத்த நூறுக்கு உயர்த்திப் போட்டதுதான் அது. உங்கள் கைப்பேசி பொதுவாக ஒரு நேரத்தில் இந்த இரண்டில் ஒன்றோடுதான் இணைந்திருக்கும். மேலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் (அலைவரிசைக்குள் பிரிக்கப்பட்ட தடங்கள்) 1, 6, 11 என மூன்றே உள்ளன. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் பத்துப் பதினைந்து வீட்டு ரவுட்டர்கள் இந்த மூன்றுக்குள் நெருக்கிக்கொண்டிருக்கும்போது 300 என்பது காகிதத்தில் மட்டுமே இருக்கும். ஆகவே அங்கு வசிப்பவர்கள் 5 கிகாஹெர்ட்ஸ் இல்லாத, ஒற்றை அலைவரிசை ரவுட்டரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

5 கிகாஹெர்ட்ஸுக்கு உள்ள குறை, அது சுவர்களைத் தாண்டுவதற்குள் வலுவிழந்துவிடுவது. சி6 வைக்கப்பட்டிருக்கும் கூடத்திலும் அதை அடுத்த அறையிலும் வேகம் நன்றாகவே கிடைக்கிறது. இரண்டு செங்கல் சுவர்களுக்கு அப்பால் கைப்பேசி தானாகவே 2.4-க்கு மாறிக்கொள்கிறது, அங்கே காணொளி பார்க்கலாம், பெரிய கோப்புகளை இறக்கப் பொறுமை வேண்டும். கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடி அறைக்கும் இதே ரவுட்டர் போதும் என்று எதிர்பார்ப்பது நியாயம் அல்ல. இந்த விலையில் உள்ள எந்த ரவுட்டரும் அதைச் செய்வதில்லை. அத்தகைய வீட்டுக்கு வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் கருவியை வாங்குவதை விட, கீழே உள்ள ஃபைபர் பெட்டியிலிருந்து மாடிக்கு கேட்-5இ வகை நெட்வொர்க் கேபிள் ஒன்றை இழுத்து, அங்கே சி6-ஐ, கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்ப மட்டும் செய்யும் ஆக்சஸ் பாயின்ட் முறையில் வைப்பது பல மடங்கு மேல். சாதாரண ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. கேபிளில் அந்த இழப்பு இல்லை.

கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஃபைபர் பெட்டியைப் பாருங்கள். அதிலேயே 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இருந்தால், தொலைக்காட்சிக்குப் பின்னாலோ இரும்பு அலமாரிக்குள்ளோ முடங்கிக் கிடக்கும் அந்தப் பெட்டியை வீட்டின் நடுவே, தலைக்கு மேலான உயரத்துக்கு மாற்றினாலே பிரச்சினை தீர்ந்துவிடக்கூடும். புதிய ரவுட்டர் தேவைப்படாமலே போகலாம்.

சி6-ஐ நிறுவுவது எளிது; கைப்பேசிச் செயலியே படிப்படியாக வழிகாட்டுகிறது. உங்கள் இணைப்பு பிபிபிஓஇ (PPPoE) வகையை, அதாவது பயனர் பெயர் கொடுத்து உள்நுழையும் வகையைச் சேர்ந்தது என்றால் அதற்கான பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் இணைய நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரில் இருப்பவர்கள் சிறிய யுபிஎஸ் வாங்கும்போது அடாப்டரின் மீது உள்ள வோல்ட் அளவைப் பார்த்து வாங்க வேண்டும். சி6-க்கு 12 வோல்ட், சி20-க்கு 9 வோல்ட். ஃபைபர் பெட்டிக்கும் மின்சாரம் இல்லாவிட்டால் ரவுட்டர் மட்டும் இயங்கிப் பயனில்லை என்பதால், இரண்டையும் தாங்கும் யுபிஎஸ்ஸாகப் பாருங்கள்.

குறைகளும் உண்டு. யுஎஸ்பி போர்ட் கிடையாது. ஹார்ட் டிஸ்க்கை இணைத்து வீடு முழுவதும் பகிர நினைப்பவர்களுக்கு இது பொருந்தாது. பெட்டியில் பெருமையாகச் சொல்லப்படும் மு-மிமோ (MU-MIMO, ஒரே நேரத்தில் பல கருவிகளுக்குத் தரவு அனுப்புவது) வசதியால் சாதாரண வீட்டில் கண்ணுக்குத் தெரியும் பலனை நான் காணவில்லை. இதே பெயரில் வெவ்வேறு வன்பொருள் பதிப்புகள் விற்கப்பட்டிருப்பதால், ரவுட்டருக்குள் இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும்போது ரவுட்டரின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும் பதிப்பு எண்ணைப் பார்த்து அதற்குரியதையே இறக்க வேண்டும்.

சி6-இல் இருப்பது வைஃபை 5; அதற்கு அடுத்த தலைமுறையான வைஃபை 6 இல்லாத ரவுட்டரை ஏன் வாங்க வேண்டும் என்று இன்று பலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆர்ச்சர் ஏஎக்ஸ்10 போன்ற தொடக்கநிலை வைஃபை 6 ரவுட்டர் சற்றுக் கூடுதல் விலையில் கிடைத்தால், வீட்டில் உள்ள கைப்பேசிகளும் மடிக்கணினிகளும் புதியவையாக இருக்கும்பட்சத்தில், அதையே வாங்கலாம். ஆனால் அதில் வைஃபை 6 என்பது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டுமே, 2.4 கிகாஹெர்ட்ஸ் அதே பழைய 300-தான். ஆகவே தூரத்து அறையில் சிக்னல் கிடைக்கவில்லை என்பதுதான் உங்கள் குறை என்றால், அந்தக் கூடுதல் பணத்தைக் கேபிளுக்குச் செலவிடுங்கள்.